உடைமை எங்கே நிற்கிறது?
துருக்கி, மராத்தி ஒப்பீட்டில் தமிழ் ஆறாம் வேற்றுமை: ஒரு மறுநோக்கு

முன்னுரை

தமிழை ஒட்டுநிலை மொழி என வரையறுக்கும் மொழியியல் அறிமுக நூல்கள், துருக்கி மொழியை அதன் இணைக்குச் சான்றாகக் காட்டுவது நெடுநாள் வழக்கம். பெயருக்குப் பின் பன்மை விகுதி, அதன் பின் வேற்றுமை உருபு என மணிகோத்தாற்போல் இரு மொழிகளும் சொல்லைக் கட்டுகின்றன என்பது அதற்குக் கூறப்படும் காரணம். இவ்வொப்புமை பொய்யன்று. ஆயினும், அதனோடு நிறைவுற்றுவிடும் ஆய்வு, தமிழ் வேற்றுமையமைப்பின் நுட்பமான ஓரிடத்தைக் காணாமலே கடந்துவிடுகிறது. அவ்விடம் ஆறாம் வேற்றுமை.

இவ்வெண்ணத்திற்கு வித்திட்டது ஒரு விடைத்தாள். மும்பையில் தமிழ் கற்கும் மாணவர் ஒருவர் 'எனது மகன்' என எழுதியிருந்தார். இக்கட்டுரையாளர் அதனைச் சிவப்பு மையால் அடித்து 'என் மகன்' எனத் திருத்தி, அரை மதிப்பெண்ணையும் குறைத்தார். தாராவியில் பிறந்து வளர்ந்த அம்மாணவர், "மராத்தியில் 'மாஜா முல்கா' சரி, தமிழில் 'எனது மகன்' ஏன் தவறு?" என வினவினார். "'அது' அஃறிணை உருபு" என்ற வழக்கமான விடை உடனே தரப்பட்டது. அவ்விடை போதாது என்பது பின்னரே விளங்கியது. வேற்றுமை உருபு ஒன்றிற்குத் திணை எவ்வாறு வந்தது என்பதே அவ்வினாவுள் அடங்கிய உண்மையான வினா. அதற்கு விடை காண்பதும், துருக்கியோடு தமிழை ஒப்பிட்ட முறையின் குறையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

துருக்கிப் பெயரின் அமைப்பு

துருக்கியில் 'எவ்' என்பது வீடு. அதன் வேற்றுமை வடிவங்கள் வருமாறு:

எவ் – வீடு
எவி – வீட்டை
எவெ – வீட்டுக்கு
எவ்தெ – வீட்டில்
எவ்தென் – வீட்டிலிருந்து
எவின் – வீட்டின்

பன்மை விகுதி 'லெர்'. பெயரிலுள்ள உயிரொலிக்கேற்ப உருபுகளின் உயிரும் மாறும். இஃது உயிரிசைவு எனப்படும். இதுவரை தமிழ் மாணவர்க்கு வியப்பு ஏதுமில்லை. இரண்டாம் வேற்றுமையிலோ நெருக்கம் மேலும் மிகுகிறது. 'கிதாப் அல்தும்' என்றால் புத்தகம் வாங்கினேன். 'கிதாபு அல்தும்' என்றால் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். (இங்குச் சொல்லிறுதி உகரம் நம் குற்றியலுகரத்தை ஒத்த ஒலியுடையது.) குறித்த பொருளாயின் உருபு விரியும், பொதுப்பொருளாயின் உருபு வாராது. தமிழ் அஃறிணைப் பெயர்களிலும் இதுவே நடைமுறை.

வேறுபாடு உடைமையில் தொடங்குகிறது. துருக்கியில் உடைமைப் பெயரே, அஃது எவருடையது என்பதை விகுதியாக ஏற்கும்.

எவிம் – என் வீடு
எவின் – உன் வீடு
எவி – அவன், அவள், அதன் வீடு
எவிமிஸ் – எங்கள் வீடு
எவினிஸ் – உங்கள் வீடு
எவ்லெரி – அவர்கள் வீடு

'எங்கள் வீடுகளில்' என்பது துருக்கியில் 'எவ்லெரிமிஸ்தெ' என்னும் ஒரே சொல். வீடு, பன்மை, எங்கள், இல் என்பது அதன் வைப்புமுறை. உடையோன் பெயரும் உடன்வரின், இரு பெயர்களும் குறிகொள்ளும். 'வீட்டின் கதவு' என்பது 'எவின் கபுசு'. 'எவ்' என்பது 'இன்' உருபை ஏற்க, 'கபு' என்னும் கதவுச் சொல் 'சு' என்னும் படர்க்கை உடைமை விகுதியை ஏற்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வீட்டின் கதவு-அதன்' எனலாம். வினைமுற்று தன் எழுவாயின் இடத்தைக் காட்டுதல் தமிழில் உண்டு. பெயர்ச்சொல் தன் உடையோனின் இடத்தைக் காட்டுதல் இன்றைய தமிழில் இல்லை.

கால்டுவெல்லின் ஒப்பீடும் அதன் இடரும்

இராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்டு, 1875இல் விரிவாக்கிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், திராவிட மொழிகளைச் 'சித்தியம்' எனத் தாம் அழைத்த பெருந்தொகுதியோடு உறவுபடுத்த முயன்றது. பின்னிய மொழி, துருக்கி, மங்கோலியம், மஞ்சு முதலியன அத்தொகுதியுள் அடங்கின. அவற்றுள்ளும் பின்னிய மொழி சார்ந்த கிளையே திராவிடத்திற்கு மிக அணுக்கமானது என அவர் கருதினார். தென்னிந்திய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தன அல்ல என்பதனை 1816இலேயே எல்லிசு உணர்த்தியிருந்தார். அதனை விரிவான சான்றுகளால் நிறுவிய பெருமை கால்டுவெல்லுக்கு உரியது. அது நிலைத்துவிட்டது. சித்திய உறவு நிலைக்கவில்லை. இன்று திராவிடம் தனிக்குடும்பமாகவே கொள்ளப்படுகிறது. துருக்கி, மங்கோலியம் முதலியன தம்முள் ஒரு குடும்பமா என்பதே மொழியியலாரிடையே கருத்து மாறுபாடு உடையது.

இம்முடிவு பலரும் அறிந்ததே. ஆனால் உருபுகளின் ஒலியொப்புமை ஏன் நம்பத்தகாதது என்பதனை நம் வகுப்பறைகள் அரிதாகவே விளக்குகின்றன. ஆறாம் வேற்றுமையே அதற்கு நல்ல சான்று. துருக்கியின் 'எவின்' என்பதில் உள்ள 'இன்', தமிழ் 'வீட்டின்' என்பதில் உள்ள 'இன்' ஆகிய இரண்டும் ஒலியாலும் பொருளாலும் ஒன்றேபோல் தோன்றும். உறவுக்குச் சான்று கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளும். ஆனால் துருக்கிக் குடும்பத்தின் மற்றொரு மொழியாகிய உசுபெக்கில் அதே உருபு 'நிங்' ஆகும். 'ஊய்நிங்' என்றால் வீட்டின். பழந்துருக்கியிலும் இவ்வுருபின் இறுதி ஙகர ஒலியே. எனவே துருக்கியின் னகரம் பிற்கால மாற்றம். தமிழ் 'இன்'னோடு அதற்கு நேர்ந்த ஒப்புமை தற்செயலானது.

நான்காம் வேற்றுமையில் நிலைமை தலைகீழாகிறது. உசுபெக்கின் 'ஊய்கா' (வீட்டுக்கு) தமிழ்க் 'கு'வை நினைவூட்டும்; துருக்கியின் 'எவெ' நினைவூட்டாது. துருக்கியைக் கொண்டால் ஆறாவது பொருந்தி நான்காவது நழுவுகிறது. உசுபெக்கைக் கொண்டால் நான்காவது பொருந்தி ஆறாவது நழுவுகிறது. பொருந்தும் இடத்தில் ஒரு மொழியையும், பொருந்தாவிடத்து அதன் உடன்பிறப்பையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும் உரிமை ஒப்பிலக்கணத்திற்கு இல்லை.

அன்றியும், தமிழ் 'இன்' ஆறாம் வேற்றுமை உருபே அன்று. தொல்காப்பியமும் நன்னூலும் ஆறன் உருபாக அதனைக் கூறவில்லை. ஐந்தாம் வேற்றுமைக்கு 'இன்' உருபாகும். 'வீட்டின் கதவு' என்புழி அது சாரியை. 'மரத்துக் கிளை' என்பதில் 'அத்து' நிற்குமாறு போல்வது அது. பெயரை உருபேற்கும் நிலைக்கு ஆயத்தம் செய்வது சாரியை. துருக்கிப் பெயருக்கு இத்தகைய ஆயத்தம் வேண்டுவதில்லை. 'எவ்' என்பதன்மேல் உருபு நேரே ஒட்டும். 'ஒட்டுநிலை' என்னும் ஒரே பெயர் இவ்விரு செயல்முறைகளையும் ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது.

அண்டைவீட்டு மராத்தி

சித்தியம் நோக்கி நெடுந்தொலைவு சென்ற ஒப்பீடு, அண்டையில் இருந்த ஒரு மொழியிடம் கேட்டிருக்க வேண்டிய வினா ஒன்று உண்டு. மும்பைத் தமிழர் எவரும் அறிந்த தொடர் 'ஆம்ச்சி மும்பை'. 'எங்கள் மும்பை' என்பது பொருள். இத்தொடரின் 'ச்சி' என்பது எங்களைப் பற்றியது அன்று, மும்பையைப் பற்றியது. மும்பை மராத்தியில் பெண்பால் பெயராதலின் 'ச்சி' வந்தது. மராத்தி இலக்கணம் ஆறாம் வேற்றுமைக்குச் சா, சீ, சே என உருபுகளை வகுக்கிறது. எது வரவேண்டும் என்பதை முடிவு செய்வது அடுத்து வரும் உடைமைப் பெயரே.

கராச்சா தர்வாஜா – வீட்டின் வாயிற்கதவு (ஆண்பால்)
கராச்சீ கிட்கீ – வீட்டின் சன்னல் (பெண்பால்)
கராச்சே தார் – வீட்டின் கதவு (அலிப்பால்)

'கர்' என்னும் வீட்டுப்பெயர் உருபேற்குமுன் 'கரா' எனத் திரிதலும், 'வீடு' என்பது 'வீட்டு' எனத் திரிதலும் ஒப்புநோக்கத்தக்கன. எண்ணும் இவ்வாறே உடைமைப் பெயரைப் பின்பற்றும். 'மாஜா ஹாத்' என்றால் என் கை. 'மாஜே ஹாத்' என்றால் என் கைகள்.

இவ்விடத்து நன்னூலை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். ஆறாம் வேற்றுமைக்கு ஒருமையில் அது, ஆது என்பனவும், பன்மையில் அகரமும் உருபுகள் என்று அந்நூல் வரையறுக்கிறது. 'எனது கை', 'என கைகள்'. ஒருமை, பன்மை என்றது உடையோனின் எண்ணை அன்று, கையின் எண்ணை. மராத்திச் 'சா, சே' செய்யும் அதே தொழிலையே நன்னூலின் 'அது, அ' செய்கின்றன. இதனால் ஒன்று மற்றொன்றினின்று கடன்பெற்றது எனக் கூற இக்கட்டுரை முற்படவில்லை. அதற்குச் சான்று வேண்டும். அமைப்பு ஒத்துள்ளது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

மூன்று அமைப்புகளையும் இவ்வாறு தொகுக்கலாம். துருக்கியில் உடைமைப் பெயர் உடையோனைக் காட்டும். மராத்தியில் உடையோன் பெயர் ஏற்ற உருபு உடைமையின் பாலையும் எண்ணையும் காட்டும். நன்னூல் கூறும் தமிழில் அவ்வுருபு உடைமையின் திணையையும் எண்ணையும் காட்டும். துருக்கிக்கும் தமிழுக்கும் இடையே ஆறாம் வேற்றுமையில் உள்ளது ஒப்புமையன்று, எதிர்மை.

'எனது மகன்' ஏன் இடறுகிறது?

இப்போது மாணவரின் வினாவிற்கு வரலாம். ஐ, ஆல், கு முதலிய உருபுகள் தாம் சேரும் பெயரை மட்டுமே நோக்குவன. 'அது' ஒன்றே தனக்குப் பின்வரும் பெயரையும் நோக்குவது. காரணம், அதன் வடிவம் அஃறிணை ஒருமைச் சுட்டுப்பெயரோடு ஒன்றி நிற்பதே. 'எனது' என்பதன் இயல்பான இடம் பயனிலை. 'இந்த வீடு எனது' என்கிறோம். வீடு அஃறிணை ஒருமை, எனது என்பதும் அஃறிணை ஒருமை. 'மாஜா முல்கா' சரியாதற்குக் காரணமும் இதுவே. 'முல்கா' ஆண்பால் ஒருமை. 'மாஜா'வும் ஆண்பால் ஒருமை. மராத்தி உயர்திணைக்கு ஏற்ற வடிவத்தையும் வைத்திருக்கிறது. தமிழ் ஆறன் உருபில் அவ்வடிவம் இல்லை. ஆதலின் 'எனது மகன்' என்பதில் இயைபு முறிகிறது. 'எனது நண்பர்கள்' என்பதில் திணையோடு எண்ணும் சேர்ந்து முறிகிறது.

இவ்விதி ஏட்டளவினதா, இன்றும் உயிருள்ளதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இதழ்களிலும் மேடைகளிலும் 'எனது மகன்' எனத் தயக்கமின்றி வழங்குவோரும், 'இந்தப் பையன் எனது' என்று சொல்வதில்லை. சொன்னால் செவி உடனே மறுக்கும். பெயரடையாக நிற்கும் இடத்தில் தேய்ந்துவிட்ட இயைபு, பயனிலையாக நிற்கும் இடத்தில் தேயாமல் இருக்கிறது. விதியை மனப்பாடம் செய்யாத மாணவரும் இச்சோதனையில் தவறுவதில்லை என்பது வகுப்பறையில் கண்டது.

தொல்காப்பியர் இம்முறிவினை முன்னரே உணர்ந்து வழியும் காட்டியுள்ளார். உயர்திணைத் தொகையை விரிக்குமிடத்து, 'அது' உருபு கெட்டுக் குகரம் வரும் என்பது அவர் விதி. 'சாத்தன் மகன்' என்பது சாத்தனது மகன் என விரியாது. சாத்தனுக்கு மகன் என விரியும். இவ்விதியை வெறும் உருபு மயக்கமாகக் கருதிக் கடந்துவிடுதல் கூடாது. இன்றைய பேச்சில், 'எனக்கு இரண்டு மகன்கள்' என்கிறோம். 'என்னிடம் இரண்டு மகன்கள் இருக்கிறார்கள்' என்றால், அவர்கள் என்னோடு தங்கியிருக்கிறார்கள் என்னும் பொருளே தோன்றும். 'என்னிடம் இரண்டு புத்தகங்கள்' என்பதற்கோ உடைமைப் பொருள் இயல்பானது. பொருளை வைத்திருக்கிறோம், மக்களோடு உறவால் இணைகிறோம். தமிழ் இவ்விரண்டையும் வெவ்வேறு உருபுகளால் பிரித்துக் காட்டுகிறது.

துருக்கியில் இப்பிரிவு இல்லை. எலிம் (என் கை), எவிம் (என் வீடு), ஓலும் (என் மகன்) ஆகிய மூன்றும் ஒரே மகர விகுதியை ஏற்கின்றன. தமிழிலக்கணமோ கையைத் தற்கிழமை என்றும், வீட்டைப் பிறிதின்கிழமை என்றும் பொருளால் வகுத்து, மகனைக் குகரத்திற்கு உரியவனாக்கியது. பிரிக்கவியலாத உடைமை, பிரிக்கத்தக்க உடைமை எனத் தற்கால மொழியியல் பேசும் பாகுபாட்டின் கூறுகள் இங்கே இலக்கண விதியாகவே அமைந்துள்ளன. ஒட்டுநிலை என்னும் தலைப்பின்கீழ்த் தமிழையும் துருக்கியையும் ஒன்றாக அடுக்கும் பாடநூல், இச்செல்வத்தைத் தன் மாணவர்க்குக் காட்டுவதில்லை.

முறைப்பெயர்களில் எஞ்சிய உடைமை

உடைமைப் பெயரே உடையோனைக் காட்டும் துருக்கி முறை தமிழில் அறவே இல்லையா எனின், ஓரிடத்தில் உண்டு. அவ்விடமும் உறவே என்பது வியப்புக்குரியது. எந்தை, நுந்தை, தந்தை என்பன முறையே என் தந்தை, உன் தந்தை, அவன் தந்தை எனப் பொருள்படுவன. யாய், ஞாய், தாய் என்பனவும், எம்பி, உம்பி, தம்பி என்பனவும் அத்தகையன. முறைப்பெயராகிய நுந்தையின் முதலெழுத்தைக் குற்றியலுகரம் எனத் தொல்காப்பிய மொழிமரபு தனித்துச் சுட்டுதல், இச்சொல்வகை இலக்கணத்தாரின் கவனத்தைப் பெற்றிருந்தமைக்குச் சான்று.

துருக்கியின் பாபாம் (என் தந்தை), பாபான் (உன் தந்தை), பாபாசு (அவன் தந்தை) என்னும் வரிசையை இதனோடு ஒப்பிடுக. துருக்கியில் குறி சொல்லின் பின் நிற்கும். எல்லாப் பெயர்க்கும் உரியது. தமிழில் குறி சொல்லின் முன் நிற்கும். உறவுப் பெயர்க்கே உரியது. இன்று மூவிடத்துள் தம் என்னும் வடிவம் பெற்றனவே பெரிதும் எஞ்சின. தந்தை, தாய், தம்பி, தங்கை என்பன இடப்பொருள் இழந்து பொதுப்பெயர்களாயின. 'என் தம்பி' என இன்று கூறும்போது, என், தம் என்னும் இரு உடைமைகள் ஒரு தொடருள் அடங்கியிருப்பதை எவரும் உணர்வதில்லை.

சொல்லளவில் மறைந்த அவ்வுணர்வு பேச்சில் வேறோர் உருவில் தொடர்கிறது. தாராவியில் குடியேறிய தமிழருள் பெரும்பகுதியினர் திருநெல்வேலிப் பகுதியினர். கால்டுவெல் 1841 முதல் வாழ்ந்த இடையன்குடியும் அப்பகுதியினதே. அப்பேச்சிலும், மாட்டுங்கா, செம்பூர் வட்டாரங்களில் வழங்கும் பிற வழக்குகளிலும் 'எங்க அம்மா', 'எங்க அண்ணன்' என உறவைப் பன்மையால் சுட்டுதல் இயல்பு. தனிப்பிள்ளையாக வளர்ந்தவரும் 'எங்க அம்மா' என்றே கூறுவர். உறவு ஒருவர்க்கு மட்டும் உரிய உடைமையாகாது என்னும் கருத்து அதில் உண்டு. இளையோர் சிலரிடம் 'என்னோட அம்மா', 'என்னோட புக்' என இரண்டிற்கும் ஒரே வடிவம் வழங்குதலை இக்கட்டுரையாளர் வகுப்பில் கேட்டிருக்கிறார். இதனை மும்பைக்கு மட்டும் உரியதெனக் கூறவியலாது. எழுத்தில் 'எனது' செய்துவரும் சமன்பாட்டைப் பேச்சில் 'என்னோட' செய்யத் தொடங்கியுள்ளது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தமிழும் துருக்கியும் உருபுகளைப் பின்னே ஒட்டும் முறையில் ஒத்தும், உடைமையைக் குறிக்கும் இடத்தில் எதிரெதிராகவும் நிற்கின்றன. 'இன்' உருபின் ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாகாது. ஆறாம் வேற்றுமையின் இயைபினை விளக்க மராத்தியே தக்க துணையாகிறது. உயர்திணை உறவை உடைமையாக்காது குகரத்தால் இணைத்த தொல்காப்பியர் விதி, இன்றைய பேச்சிலும் உயிரோடு உள்ளது.

'எனது மகன்' என்பதை இனி எவ்வாறு நடத்துவது? வழக்கு வென்றுவிட்டது, விட்டுவிடலாம் என்பார் ஒருசாரார். நூற்பாவைக் காட்டிக் கண்டிக்க வேண்டும் என்பார் மற்றொருசாரார். இலக்கண வினாவுக்கு எழுதும் விடையில் அது திருத்தப்பட வேண்டியதே. கட்டுரையில் எழுதும் மாணவரின் மதிப்பெண்ணை அதன் பொருட்டுக் குறைத்தல் தக்கதன்று என்பது இக்கட்டுரையாளரின் முடிவு. திருத்தும்போது காரணமும் கூறுதல் வேண்டும். மராத்தியின் சா, சீ, சே என்பவற்றை நாளும் பிழையின்றி வழங்கும் மும்பைத் தமிழ் மாணவர்க்கு, இயைபு என்றால் என்ன என்பதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. அவர் அறிந்ததைத் தமிழ்நூற்பாவில் காட்டினால் போதும். தமிழகத்துக்கு வெளியே தமிழ் கற்பிப்போர் பிறமொழிப் பழக்கத்தைப் பெரும்பாலும் பிழைகளின் ஊற்றாகவே காண்கின்றனர். நன்னூலின் ஆறாம் வேற்றுமை நூற்பாவைப் பொறுத்தவரை, அப்பழக்கமே அதற்கு ஏற்ற உரையாசிரியனாக அமைகிறது.

அம்மாணவரின் விடைத்தாளில் குறைத்த அரை மதிப்பெண் திருப்பி அளிக்கப்பட்டது.